மாத்தாங் கண்டற்காடு: நீடித்த வனப் பேணலின் ஒரு நூற்றாண்டு

பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங் என்னும் மீனவர் சிற்றூரில் பழைய தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்று இன்றும் நிற்கிறது. அவ்வூரின் முன்னைப் பெயராகிய 'போர்ட் வெல்ட்' என்பது அப்பலகையில் உரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் இத்துறைமுகத்தையும் தைப்பிங் நகரையும் இணைத்துத் திறக்கப்பட்ட எட்டு மைல் பாதையே மலாயாவின் முதல் இருப்புப்பாதையாகும். அதனை அமைக்கும் பணிக்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இப்பலகையைத் தவறாது குறிப்பிடுவர். பலகைக்கு அப்பால், சேற்றில் வேரூன்றிக் கடலை நோக்கிப் பரந்து கிடக்கும் காட்டைப் பற்றி எழுதுவோர் நம்முள் அரியர். தொடக்கக் காலத்தில் மலாய் நாடுகளின் நீராவி வண்டிகளும், ஈயச் சுரங்கங்களில் நீர் இறைத்த பொறிகளும் பெரிதும் இக்கரையோரக் காடுகளின் விறகைக் கொண்டே இயங்கின என்பதை எண்ணினால், பலகையின் வரலாறும் காட்டின் வரலாறும் வேறுவேறல்ல.

அக்காடு மாத்தாங் காப்புக்காடு. ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. உலகில் நெடுங்காலம் முறையாகப் பேணப்பட்டுவரும் கண்டற்காடு எனப் பன்னாட்டு வனவியலாரால் எடுத்துக்காட்டப்படுவது. 'நீடித்த வன மேலாண்மை' என்னும் தொடர் 1990களுக்குப் பின்னரே பரவலாயிற்று எனினும், அதன் உள்ளீடு இக்காட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது. ஒரே துறை, ஒரே கோட்பாட்டுடன் இத்தீபகற்பத்தின் சதுப்புக் காட்டையும் உள்நாட்டுத் தாழ்நிலக் காட்டையும் பேணத் தொடங்கியது. முன்னது நிலைத்தது, பின்னது பெரும்பாலும் மறைந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயர் குறித்து ஒரு சொல். பழந்தமிழ் நெய்தல் நிலப் பாடல்கள் இம்மர இனத்தைக் கண்டல் என்றே வழங்கின. மலாய் மக்கள் பாக்காவ் என்பர். தமிழகத்தில் அலையாத்திக் காடு என்னும் பெயர் வழங்குகிறது. நம் பாடநூல்களில் காணப்படும் 'சதுப்புநிலக் காடு' என்பது கரிச்சேற்று நிலத்து நன்னீர்க் காட்டையும் உட்கொள்வதால் மயக்கம் தருவது. எனவே இக்கட்டுரையில் கண்டற்காடு என்ற சொல்லே ஆளப்படுகிறது.

அச்சத்தில் பிறந்த துறை

மலாயாவில் வனப் பேணல் காட்டின் மீது கொண்ட அன்பினால் தோன்றியதன்று. தீர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தினால் தோன்றியது. அதற்கு முதற்காரணமாக அமைந்தவற்றுள் ஒன்று 'கெத்தா தாபான்' என்னும் மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாக அமையத் தக்க பொருள் அன்று வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்ச் சந்தையில் இதற்குப் பெருந்தேவை எழுந்தது. ரப்பர் மரத்தைப்போல் கீறிப் பாலெடுக்கும் வழக்கம் இதற்கில்லை. மரத்தை வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையமிட்டே பால் எடுத்தனர். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்த் தீவில் முதிர்ந்த மரங்கள் அருகின. பின்னர்த் தேடல் தீபகற்பத்தின் உட்பகுதிக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. ஒரு காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவது என்னும் முறைக்கு எல்லை உண்டு என்பதைக் குடியேற்ற ஆட்சியினர் இம்மரத்தின் வழியே கற்றனர் எனலாம்.

1883இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கான்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். அதன் விளைவாகச் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றில் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரில் எஞ்சியுள்ள புக்கிட் தீமா காடு அக்காலத்துக் காப்புக்காடுகளுள் ஒன்று. மலாய் நாடுகளின் காடுகளைப் பார்வையிட்டு அறிக்கை தருமாறு இந்திய வனத்துறையிலிருந்து ஹில் என்பார் 1900ஆம் ஆண்டளவில் அழைக்கப்பட்டார். அடுத்து, 1901இல் பர்ன்-மர்டாக் தலைமை வன அதிகாரியாகப் பொறுப்பேற்றார். இந்திய, பர்மிய வனங்களில் பழகிய முறைகளே இவர்கள் வழியாக இங்கு வந்தன.

அம்முறைகளின் வேரோ இந்தியாவிலும் இல்லை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ் 1713இல் வெளியிட்ட நூலில், உலைகளுக்கு வேண்டிய மரம் அற்றுப்போவதைக் கண்டு, வளர்வதற்கு மேல் வெட்டலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். அந்நாட்டு மரபில் வந்த டீட்ரிச் பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் தேக்குக் காடுகளுக்கும், 1864இல் இந்திய வனத்துறைத் தலைமைக்கும் நியமிக்கப்பட்டார். வெள்ளிச் சுரங்கத்தை ஒட்டிப் பிறந்த ஒரு கணக்கு, லாருட் ஈயச் சுரங்கங்களின் அண்டைக் காட்டில் வந்து நடைமுறையானது தற்செயலன்று. இரண்டிடத்தும் தேவை ஒன்றே: விறகு தீர்ந்தால் தொழில் நின்றுவிடும்.

குச்சியும் கணக்கும்

மாத்தாங் காட்டின் பகுதிகள் 1902ஆம் ஆண்டு தொடங்கிக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வெட்டும் முறையில் பல மாற்றங்கள் முயலப்பட்டன. குறித்த சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் வெட்டுதல், விதைக்கெனச் சில தாய்மரங்களை விட்டுவைத்தல், சுழற்சிக் காலத்தைக் கூட்டுதல், குறைத்தல் என அவை பலதிறப்பட்டன. இப்பட்டறிவுகளையும் தம் கள ஆய்வுகளையும் தொகுத்து வாட்சன் 1928இல் மலாய்த் தீபகற்பத்தின் கண்டற்காடுகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். எவ்வளவு உயரத்து அலை எத்தனை முறை ஒரு நிலத்தை நனைக்கிறது என்பதைக் கொண்டு அந்நிலத்தை ஐந்து வகையாகப் பகுத்து, எவ்வகை நிலத்தில் எம்மரம் வளரும் என்று அவர் காட்டிய பாகுபாடு, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னும் கண்டற்காட்டு ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது.

1950ஆம் ஆண்டிலிருந்து முப்பதாண்டுச் சுழற்சி நிலைபெற்றது. அதன் கணக்கு மிக எளியது. விளைச்சலுக்குரிய பரப்பை முப்பது கூறாக்கி, ஆண்டுக்கு ஒரு கூற்றை மட்டும் முற்றாக வெட்ட வேண்டும். முப்பதாம் கூற்றை வெட்டி முடிக்கும்போது முதற்கூற்றில் முப்பது வயது மரங்கள் நிற்கும். மரத்தின் கன அளவை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெட்டளவை வரையறுக்கும் முறையைவிட இது பிழைக்கு இடந்தராதது. நிலத்தின் பரப்பை அளப்பது எளிது. மரத்தின் வளர்ச்சியை அளப்பது அரிது. ஆண்டுக்குரிய கூறு மேலும் சிறு பகுதிகளாக்கப்பட்டு, கரிச்சூளை உரிமம் பெற்றோருக்கு அவரவர் சூளைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடப்படும். சூளைகளின் எண்ணிக்கை காட்டின் அளவுக்குக் கட்டுப்பட்டது. காடு சூளைகளின் பசிக்குக் கட்டுப்பட்டதன்று. இவ்வரிசை மாறியிருந்தால் மாத்தாங் காடு 1960களைத் தாண்டியிராது என்பது என் கருத்து.

வெட்டிய பின் ஏறத்தாழ ஈராண்டு நிலம் அப்படியே விடப்படும். கிளைகளும் கழிவுகளும் மக்கவும் அலையால் அடித்துச் செல்லப்படவும் அக்காலம் வேண்டும். பின்னர், தானாக முளைத்த கன்றுகள் போதாத இடங்களில் நடவு நடைபெறும். கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட காய்போல் தொங்கும் இயல்புடையது. அதனைச் சேகரித்துச் சேற்றில் குத்தி வைத்தாலே போதும். 'பாக்காவ் மின்யாக்' எனப்படும் இனத்தை 1.2 மீட்டர் இடைவெளியிலும், 'பாக்காவ் குராப்' எனப்படும் இனத்தை 1.8 மீட்டர் இடைவெளியிலும் நடுவர். எளிய பணி போலத் தோன்றினும் பகை பல. நண்டுகள் இளங்கன்றைக் கடிக்கும். குரங்குகள் பிடுங்கி எறியும். 'பியாய் ராயா' என்னும் பெரணி படர்ந்த மேட்டு நிலத்தில் கன்று எழாது. முதலில் பெரணியை அழித்தாக வேண்டும்.

பதினைந்தாம் வயதில் முதற்களைப்பு. இங்குத்தான் இம்முறையின் அழகு விளங்கும். வனத் தொழிலாளியின் கையில் 1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி இருக்கும். நேராக, நோயின்றி வளர்ந்த ஒரு மரத்தைத் தேர்ந்து, அதிலிருந்து குச்சி எட்டும் தொலைவுக்குள் நிற்கும் மற்ற மரங்களை அவர் வெட்டுவார். பிறகு அடுத்த மரம். இருபதாம் வயதில் இரண்டாம் களைப்பு. இப்போது குச்சி 1.8 மீட்டர். களையப்பட்ட மரங்கள் வீணாவதில்லை. அவை மீன்பிடிக் கழிகளாகவும் கட்டடப் பணிகளுக்கான முளைக்கழிகளாகவும் விற்கப்படுகின்றன. நூலறிவும் அளவைக் கருவிகளும் பயின்ற அதிகாரிகள் வகுத்த கோட்பாடு முழுவதும், இறுதியில், எழுத்தறியாத தொழிலாளியும் பிழையின்றிக் கையாளத்தக்க ஒரு குச்சியாகச் சுருங்கியது. கோட்பாடு நடைமுறையாவது இவ்வாறே. எத்தனையோ வனச் சட்டங்கள் ஏட்டளவில் நின்றுபோனதற்கு அவற்றிடம் இத்தகைய குச்சி இல்லாததும் ஒரு காரணமாகலாம்.

முப்பதாம் வயதில் வெட்டப்பட்ட மரம் பட்டை உரிக்கப்பட்டுப் படகில் சூளைக்கு வரும். செங்கல்லால் கவிகை வடிவில் எழுப்பப்பட்ட இச்சூளைகள் 1930களிலிருந்து பெருகின. ஒரு சூளையில் ஏறத்தாழ 40 டன் பச்சை மரம் அடுக்கப்பட்டு, வாயில் படிப்படியாக அடைக்கப்பட்டு, மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் ஏறத்தாழ 10 டன் கரி எடுக்கப்படும். சூளைக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் புகையின் மணத்தையும் வெம்மையையும் கொண்டே மூத்த தொழிலாளர் கணிக்கின்றனர். இத்தொழிலில் ஈடுபட்டோர் பெரும்பாலும் சீனர். இருப்புப்பாதைக்கு நிலக்கரியும் பின்னர் எண்ணெயும் வந்து, விறகின் தேவை மறைந்தபோது மாத்தாங் காட்டைக் காத்தது இக்கரித் தொழிலே. விலை பெறாத காட்டை எவரும் முப்பதாண்டு காத்திருந்து பேணுவதில்லை. வீட்டு அடுப்புகளில் எரிவாயு வந்த பின்னும் ஜப்பானுக்கான ஏற்றுமதி இதனைத் தாங்கிப் பிடித்தது.

இவையனைத்தையும் ஒருங்கிணைப்பது செயல்திட்ட ஏடு. நோக்ஸ் 1952இல் வெளியிட்ட ஏட்டுக்குப் பின், பத்தாண்டுக்கு ஒருமுறை அது திருத்தி எழுதப்பட்டு வந்துள்ளது. நாடு விடுதலை பெற்று, அதிகாரிகள் மாறி, அலுவல் மொழி மாறிய பின்னும் இவ்வழக்கம் அறவில்லை. 1950 முதல் 1979 வரை முதற்சுழற்சி, 1980 முதல் 2009 வரை இரண்டாம் சுழற்சி, 2010இல் மூன்றாவது. ஒரு வன அதிகாரியின் பணிக்காலம் பெரும்பாலும் ஒரு சுழற்சியைவிடக் குறுகியது. நட்டவர் வெட்டுவதைக் காண்பது அரிது. ஆகவே நினைவு ஏட்டில் இருந்தாக வேண்டும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. மாத்தாங் இயற்கைக் காடன்று. பாக்காவ் மின்யாக் என்னும் ஓரினமே ஓங்கி நிற்கும், ஏறத்தாழ ஒரு பண்ணை. முப்பது வயதைக் கடந்த மரங்கள், பறவைக் காப்பிடங்கள் போன்ற விலக்கப்பட்ட சில பகுதிகளைத் தவிர, இங்கு இல்லை. முதிய மரப்பொந்தை நாடும் உயிர்களுக்கு இக்காடு பயன்படாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓங் ஜின் இயோங், கோங் ஊய் கூன் ஆகியோர் பல்லாண்டுகள் இங்கு விளைதிறனை ஆய்ந்தனர். சுழற்சிகள் தொடரத் தொடர விளைச்சல் குறைகிறதா, சேற்றின் வளம் மரத்தோடு வெளியேறுகிறதா என்னும் வினா ஆய்வாளரிடையே இன்றும் உள்ளது. எனினும் இறால், மீன், குறிப்பாகச் சேற்றுச் சிப்பி ஆகியவற்றால் வாழும் கரையோரக் குடும்பங்கள் காட்டின் நிழலிலேயே வாழ்கின்றன. வெட்டப்படும் காடு, அழிக்கப்படும் காடு ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று.

உள்நாட்டுக் காட்டின் கதை

இதே துறையினர் உள்நாட்டுத் தாழ்நிலக் காடுகளிலும் அறிவுக்குறைவோடு செயற்படவில்லை. 1929இல் கெப்போங்கில் வன ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியின்போது கட்டுப்பாடின்றி வெட்டப்பட்ட இடங்களை 1945க்குப் பின் ஆராய்ந்தவர்கள் வியப்புக்குரிய ஒன்றைக் கண்டனர்: மேலே நின்ற பெருமரங்கள் ஒருசேர அகன்ற இடத்தில், நிழலில் குன்றிக் கிடந்த மெராந்தி முதலான கன்றுகள் விரைந்து எழுந்தன. இக்கண்டறிவின் மீது 1948இல் 'மலாயா சீர்முறை' வகுக்கப்பட்டது. தரையில் கன்றுகள் போதிய அளவில் உள்ளனவா என்று முன்னதாக உறுதி செய்துகொண்டு, விற்கத்தக்க மரங்களை ஒரே முறையில் வெட்டி, பயனற்றவை எனக் கருதியவற்றை நஞ்சிட்டுக் கொன்று, எழுபதாண்டு காத்திருக்க வேண்டும். வையட்-ஸ்மித் 1963இல் எழுதிய கையேடு இம்முறையின் முழு விளக்கம். வெப்பமண்டல வனவியலில் அன்று இதற்கு நிகரான முறைகள் சிலவே.

ஆனால் அந்த எழுபதாண்டுகள் கிடைக்கவில்லை. 1956இல் ஃபெல்டா தோற்றுவிக்கப்பட்டது. நிலமற்றோருக்கு நிலம் என்னும் அதன் நோக்கம் நியாயமானதே. ஆயினும் ரப்பருக்கும் செம்பனைக்கும் உகந்த நிலம், வளமான மெராந்திக் காடு நின்ற அதே தாழ்நிலம். பகாங்கின் ஜெங்கா, தென்கிழக்கு ஜோகூர் எனப் பெருந்திட்டங்கள் வரவர, பேணப்பட்ட காடுகளே தோட்டங்களாயின. எஞ்சியது குன்றுப்பகுதி. அங்குக் கன்றுகள் சீராகக் கிடையா. சரிவில் முழு வெட்டு மண்ணை அரிக்கும். ஆகவே 1978இல் 'தேர்ந்து வெட்டும் முறை' வந்தது. மெராந்திக் குடும்பத்து மரங்களில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததை வெட்டலாகாது. 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே காட்டுக்குத் திரும்பலாம். எழுபது முப்பதானது மரம் வேகமாக வளரத் தொடங்கியதனாலன்று, பரப்புக் குறைந்ததனால்.

மலாயா சீர்முறை வனவியல் பிழையால் வீழவில்லை. அது செயற்படுவதற்கான நிலமே அதன் கையில் நிலைக்கவில்லை. மாத்தாங்கின் வெற்றிக்கு முப்பதாண்டுக் கணக்கும் குச்சியும் ஏடும் காரணங்களே. ஆனால் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட காரணம், உவர்ச்சேற்றில் ரப்பரும் செம்பனையும் எளிதில் வளரா; எவரும் அந்நிலத்தைப் பெரிதாக விரும்பவில்லை. நிலையான விளைச்சல் என்னும் கோட்பாட்டுக்கு அடியில் நிலையான பரப்பு என்னும் இன்னொன்று உள்ளது. வனவியல் நூல்கள் அதனை முன்முடிவாகக் கொண்டு மேலே செல்கின்றன. வரலாற்றாசிரியன் அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

இங்கு நம் சமூக நினைவையும் சற்றுத் தொட்டாக வேண்டும். காட்டைத் திருத்தி நாடாக்குவது தமிழ் மரபில் மன்னனின் புகழ். பட்டினப்பாலை கரிகாலனை அவ்வாறே போற்றுகிறது. மலேசியத் தமிழர் மேடைகளிலும் நம் முன்னோர் காடழித்து இந்நாட்டை வளப்படுத்தினர் என்னும் கூற்று இன்றும் ஒலிக்கிறது. வரலாற்றளவில் அது முழுமையாகப் பொருந்தாது. பல தோட்டங்களில் பெருமரங்களை வெட்டிச் சாய்க்கும் பணி மலாய், ஜாவானிய, சீனக் குழுக்களிடம் ஒப்பந்தத்தில் விடப்பட்டது. நிலத்தைக் களையெடுத்து, வடிகால் வெட்டி, பின்னர்ப் பால்மரம் சீவியவர்களே தமிழர். அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இதன் நோக்கமன்று. காடழித்தல் என்பதை மாணவர்முன் பெருமையாக மட்டும் வைக்கும்போது, அழிந்தது யாது என்னும் வினா வகுப்பறைக்குள் வராமலே போய்விடுகிறது. அக்காடுகளில் வாழ்ந்த பூர்வகுடியினரின் கதையும் அவ்வாறே.

பிச்சாவரம் தரும் பாடம்

மாத்தாங் முறையை அப்படியே பிறவிடத்துக்குப் பெயர்க்க இயலுமா? தமிழகத்தின் பிச்சாவரம் இதற்கு விடை தருகிறது. அங்கும் குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்து 1970கள் வரை கண்டற்காடு கூறுகூறாக முற்றாக வெட்டப்பட்டது. வனக் குத்தகையாளர் 'கூப்பு' என வழங்கிய அதே முறை. ஆனால் விளைவு நேர்மாறானது. மாத்தாங்கில் ஆண்டு முழுதும் மழையும் பல ஆறுகளின் நன்னீரும் உண்டு. பிச்சாவரத்திலோ நீண்ட கோடை. காவிரிப் பாசனத்தின் எச்சமாக வரும் நீரும் குறைந்தது. மரம் அகன்றதும் வெயிலில் ஈரம் வற்றிச் சேறு தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த அலைநீர் வெளியேறாமல் தேங்கி ஆவியாகியது. உப்பு மிகுந்த அந்நிலத்தில் கன்று எதுவும் எழவில்லை. அது நெடுங்காலம் உள்ளூர் மக்களின் விறகுவெட்டால் நேர்ந்த அழிவு என்றே பேசப்பட்டது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990களில் மேற்கொண்ட பணியே பழைய வெட்டுமுறையின் பங்கை வெளிக்கொணர்ந்தது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீர் புகுந்து மீள வழி செய்த பின்னர், நட்ட கன்றுகள் நிலைத்தன. கோட்பாடு ஒன்றாயினும் நிலத்தின் நீர்க்கணக்கு வேறு. வாட்சன் மலாயாவில் அலையை அளந்த பின்னரே மரத்தைப் பற்றி எழுதினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மலேசியாவில் பரப்பின் நிலைபேறு இன்றும் தீராத வழக்கே. கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டம் தீபகற்பத்தின் வனச் சட்டங்களை ஒருமுகப்படுத்தியதாயினும், காப்புக்காட்டின் அறிவிப்பை நீக்கும் உரிமை மாநில அரசிடமே இருந்தது. 1992இல் ரியோ மாநாட்டில் நாட்டின் பாதி நிலம் காடாகவே இருக்கும் என்று மலேசியா உறுதியளித்தது. 1999 முதல் மரச் சான்றிதழ் மன்றம் இயங்கியது. எனினும் 2021இல் சிலாங்கூரின் வட கோலா லங்காட் காப்புக்காட்டில் 500 எக்டருக்கு மேற்பட்ட பகுதியின் அறிவிப்பு நீக்கப்பட்டது வெளிப்பட்டு, தெமுவான் மக்களும் பொதுமக்களும் எதிர்த்த பின் அம்முடிவு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, 2022இல், நாடாளுமன்றம் வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்புக்காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும். நீக்கும் நிலத்துக்கு ஈடாக வேறு நிலத்தை உடன் அறிவிக்க வேண்டும். இத்திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் நடைமுறைக்கு வர அம்மாநிலம் அதனை ஏற்க வேண்டும்.

மாத்தாங்கில் மூன்றாம் சுழற்சி நடந்துகொண்டிருக்கிறது. அதன் முதற்கூற்றில், 2010இல் வெட்டிய நிலத்தில் ஊன்றப்பட்ட கன்றுகள் இப்போது பதினைந்தாம் வயதை ஒட்டி நிற்கின்றன. 1.2 மீட்டர்க் குச்சியுடன் தொழிலாளர் உள்ளே செல்லும் பருவம் அது.